பொடியக்கா உலர்த்திய விதம்

ஆராய்ச்சிக் கட்டுரையில் எட்டுப் பேர் பெயர் இருந்தது. அதில் ஒருவர் ஆய்வகத்தின் பக்கமே தலைகாட்டாதவர். பதினேழு வருடமாகத் தன் கையால் அந்தப் பொடியைச் செய்துவந்த பொடியக்காவின் பெயர் மட்டும் இல்லை. போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். பழி என்று வந்தபோது முதல் ஆளாக அவளைக் கூப்பிட்டார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் வேலை வினையூக்கி செய்வது. பார்த்தால் வெறும் பல்பொடிதான். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளைகள். அதைப் பல்லேடியம் என்ற உலோகத்தின் உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, சூடாக ஹைட்ரஜனைச் செலுத்தினால் துளைக்குள்ளே பொடிப்பொடியாக உலோகம் தங்கும். மருந்துக்கான மூலப்பொருளில் இந்தப் பொடிதான் ஹைட்ரஜனை ஏற்றும். ஏறக்கூடிய இடம் இரண்டு. ஒன்றில்தான் ஏற வேண்டும். உலோகத் துகள் சின்னதாகத் துளைக்குள் இருந்தால் அந்த ஒன்றோடு நிற்கும். வெளியே வந்து கட்டி தட்டிவிட்டால் இரண்டிலும் ஏற்றிவிடும், அத்தனையும் பாழ்.

நூற்றிருபது டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தச் சொல்லி ஆய்வகத் தலைவர் செய்முறை எழுதியிருந்தார். கட்டுரையிலும் அதுதான். அடுப்பருகே நின்று பார்த்தவரா அவர்? ஈரத்தை அப்படித் துரத்தினால் அது உலோகத்தையும் இழுத்துக்கொண்டு துளையின் வாசலுக்கு ஓடி வந்துவிடுகிறது என்று முதல் வருடமே அவள் கண்டுகொண்டாள். அன்று முதல் நாற்பது டிகிரி, பகல் முழுவதும், அரைமணிக்கொரு தரம் தட்டைத் திருப்பி வைப்பது. மதியச் சாப்பாடும் அடுப்பருகே நின்றபடிதான்.

கட்டுரையைப் படித்துச் செய்து பார்த்த வேறொரு ஆய்வகம், எங்களுக்கு அந்த அளவு வரவில்லை, உங்கள் கணக்கில் சந்தேகம் என்று கடிதம் போட்டது. தலைவர் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டார்.

“கரைசல் பாட்டில் எதையாவது மாத்தி வச்சிட்டீங்களாம்மா?”

“ரெண்டு விதமாவும் காயவைக்கிறேன் சார். நீங்களே பாருங்க.”

செய்தாள். அவள் முறையில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு சரியான பொருள். அவர் முறையில் முப்பதுகூடத் தேறவில்லை.

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேன் சார். எழுதி வைங்க, பாக்குறேன்னீங்க. எழுதி வச்சேன். பதிவேட்டுல பக்கத்துக்குப் பக்கம் உங்க கையெழுத்து இருக்கு.”

படிக்காமலே கையெழுத்துப் போட்ட மனிதர் முகம் கடுத்தார். மறுநாள், சந்தேகம் கேட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப என்று ஒரு தாளை நீட்டினார். உலர்த்தும்போது உதவியாளர் கவனக்குறைவால் செய்முறையிலிருந்து விலகிவிட்டார் என்று அதில் இருந்தது. கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

“சும்மா பேருக்குத்தாம்மா. உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் புதுப்பிக்க எங்கிட்டதான் வருது, நான் பாத்துக்கறேன்.”

எவ்வளவு இனிப்பாகச் சொன்னார்! அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மின்விசிறி பழுதுபார்க்கும் கணவரிடம் வீட்டில் காட்டினாள்.

“வேல முக்கியம், கையெழுத்தப் போட்டுக் குடுத்துடு” என்றவர், தாளை வாங்கிப் படித்ததும் நிமிர்ந்தார். “கவனக்குறைவா? உனக்கா? இந்த வீட்டுல பால் பொங்கி வழிஞ்சு நான் ஒருநாளும் பாத்ததில்லையே.” தாளை அவள் பக்கமே தள்ளினார். “உனக்கு என்ன தோணுதோ செய்.”

காலையில் அவள் ‘கவனக்குறைவால்’ என்பதை அடித்து, மேலே ‘நன்றாகத் தெரிந்தே’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தலைவர் மேசையில் வைத்தாள்.

“இத இப்படியே அனுப்ப முடியாதும்மா.”

“வேற மாதிரி நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“ஒப்பந்தம் ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு சார். அதுக்குள்ள ஒரு நாள் காலையிலேயே வந்து அடுப்புக்கிட்ட நில்லுங்க. அடுத்த மாசத்துலேருந்து நீங்கதான காயவைக்கணும்.”