சிவப்பு நாடா கட்டிய ஊசி

ஒலெட்டா பர்விஸ் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். மணிக்கு முப்பது மைலைத் தாண்டி அந்த பஸ் போய் யாரும் பார்த்ததில்லை. அதன் பின்னால் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு வேலைக்குத் தாமதம்தான். நானே எத்தனையோ நாள் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு ஊர்ந்திருக்கிறேன். கேட்டால், "வேகமா போறதுக்கு எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான், அது போதும்" என்பாள்.

அந்த ஒருத்தன் அவள் புருஷன் ஹாய்ட். ஆர்கன்சாவில் எங்கள் கோல்டர் கிரீக் பக்கம் சனிக்கிழமை என்றால் கார் பந்தயம்தான். இரண்டு கார்கள் கோட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் கால் மைல் நேராகப் பறக்கும். ஏழெட்டு நொடியில் சோலி முடிந்துவிடும். அந்த விளக்கின் பொத்தான் என் கையில். இருபத்தாறு வருஷமாக இரண்டு காருக்கும் நடுவில் நின்று அழுத்துகிறேன். "மெர்லுக்குக் காது பாதி போயிருச்சு, வாய்தான் போகமாட்டேங்குது" என்று ஒலெட்டா என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பொய்யில்லை.

ஹாய்டின் கார் நூற்றெண்பது மைல் வேகம் போகும். பிரேக்கை மட்டும் நம்பி அதை நிறுத்த முடியாது, பின்னால் பாராசூட் விரியவேண்டும். பாராசூட் மடிப்பது ஒலெட்டாவின் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, துணியை விரித்து, கயிறு கயிறாகச் சிக்கெடுத்து மடிப்பாள். அந்த நேரத்தில் ஹாய்ட் வாயைத் திறக்கக்கூடாது. கார் சும்மா நிற்கும்போது பாராசூட் தெரியாத்தனமாக விரிந்துவிடாமல் இருக்க, அதை வைத்த பையில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு ஊசி செருகியிருக்கும், சிவப்பு நாடா கட்டி. கார் கோட்டுக்கு வந்ததும் அதை உருவிவிட வேண்டும். மறந்தால், ஓட்டுகிறவன் உள்ளே உட்கார்ந்து என்னதான் இழுத்தாலும் பாராசூட் வராது. உருவுவதும் ஒலெட்டாதான். உருவி ஜீன்ஸ் பையில் போட்டுக்கொள்வாள். நாடா இன்னும் தொங்குகிறதா என்று நானும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தொடவேண்டும். அதற்குத்தான் என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. இடுப்பு வரை இருந்த கூந்தலை அன்றைக்குத்தான் காதோடு வெட்டிக்கொண்டு வந்திருந்தாள் ஒலெட்டா. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அவள் காரின் பின்னால் குனிந்திருந்தபோது பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"என்ன ஒலெட்டா, தலையில புல்லு வெட்டுற மெஷினை விட்டுட்டியா?"

அவள் நிமிர்ந்து சிரித்தாள். "உனக்கு வெட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லையே, அந்தப் பொறாமை" என்று என் வழுக்கைத் தலையில் தொப்பியோடு சேர்த்து ஓர் அடி போட்டாள். அதற்குள் ஹாய்டின் கார் கோட்டுக்கு நகர்ந்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

ஹாய்ட் ஜெயித்தான். ஆனால் பாராசூட் விரியவில்லை. கார் பாதையைத் தாண்டி, தடுப்பு மணலைத் தாண்டி, மரங்களுக்குள் புகுந்து தீப்பிடித்தது. ஒலெட்டா அந்தக் கால் மைலையும் ஓடினாள். இரண்டு தடவை விழுந்து எழுந்து ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

விசாரிக்க வந்தவர்களால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாராசூட் பை சாம்பலாகியிருந்தது, இரும்பெல்லாம் உருகி முறுக்கிக் கிடந்தது. இழுக்கிற கம்பி அறுந்திருக்கலாம், கயிறு சிக்கியிருக்கலாம், ஊசியை எடுக்காமல் விட்டிருக்கலாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் அவள் வீட்டில் கூடினோம். ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த பாத்திரங்கள் மேசை முழுக்க. பன்றித்தொடைக் கறி, பீன்ஸ், சோள ரொட்டி, நாலு விதமான உருளைக்கிழங்கு சாலட். பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் பேர் எழுதி ஒட்டியிருந்தது. ஒலெட்டா இரண்டு நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை என்றார்கள். என்னைக் கண்டதும் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"மெர்ல், நான் ஊசியை எடுத்தேனா?"

"என்ன கேள்வி இது?"

"எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது. ஜீன்ஸ் பையில பார்த்தேன், இல்ல. நீ அங்கதானே நின்னே. எடுத்தேனா?"

நான் பார்க்கவில்லை. கேலி பண்ணுகிற மும்முரத்தில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"எடுத்தே. நான் பார்த்தேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஒரு துண்டு கறியும் ரொட்டியும் சாப்பிட்டாள். நல்ல காரியம் பண்ணிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவள் பந்தய மைதானத்துக்கு வந்தாள். பாதையில் சிந்திக் கிடக்கும் ஆணி, திருகாணி பொறுக்க நாங்கள் வைத்திருக்கும் நீளக்கைப்பிடிக் காந்தத்தைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"நான் எடுத்ததை நீ பார்த்திருக்கேல்ல? அப்போ ஓடி விழுந்தப்போதான் பையிலேருந்து எங்கேயோ விழுந்திருக்கணும். அது கிடைச்சா போதும் மெர்ல். கையில வச்சுக்கிட்டா நான் தூங்கிருவேன்."

கோட்டிலிருந்து மரங்கள் வரை, இரண்டு பக்கப் புல்லிலும் காந்தத்தை இழுத்துக்கொண்டு நடந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி, முட்டியில் இன்னும் காயம் ஆறவில்லை, அந்த வெயிலில் அடி அடியாகப் புல்லைத் துழாவிக்கொண்டு போவாள். நான் கொட்டகைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கூடப் போய்த் தேடவும் வெட்கம், எழுந்து வீட்டுக்குப் போகவும் வெட்கம்.

ஏழாவது ஞாயிறு தாங்கமாட்டாமல் புல்லுக்குள் போய் அவள் முன்னால் நின்றேன்.

"ஒலெட்டா, நிறுத்து. நான் பார்க்கல."

"என்னத்தை?"

"நீ ஊசி எடுத்ததை. உன் தலைமுடியைக் கிண்டல் பண்ணிட்டு நின்னேன். எடுத்தியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான்தான் பார்த்திருக்கணும், பார்க்கல. உன்கிட்டப் பொய் சொன்னேன்."

அவள் காந்தத்தில் ஒட்டியிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"ஏழு ஞாயித்துக்கிழமை" என்றாள். "அந்தக் கொட்டகைக்குள்ள உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்கே."

காந்தத்தை என் கையில் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே போய் வண்டியில் ஏறினாள். அன்றைக்கு நான் அழுதேன், சொல்வதற்கென்ன.

அக்டோபரில் ஹாய்டுக்கு மரியாதை செய்யும் சனிக்கிழமை வந்தது. எங்கள் வழக்கம் இதுதான்: செத்தவனோடு பந்தயத்தில் அதிகம் மோதியவன் எவனோ அவன் ஒரு பக்கம் காரை நிறுத்துவான். மற்றப் பக்கம் காலி. காலிப் பக்கத்துக்கும் விளக்கு எரியும். இவன் தனியாக, முழு வேகத்தில் ஓட்டிப் போவான். ஜெயித்தவனைக் காட்டும் விளக்கை மட்டும் காலிப் பக்கத்துக்குப் போடுவோம். ஹாய்டோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய க்ளோவிஸ் காரில் உட்கார்ந்திருந்தான். ஒலெட்டா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். என் முகத்தில் அவள் ஏன் விழிக்கவேண்டும்?

வந்தாள். கூட்டம் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியது. அவள் யாரையும் பார்க்காமல் நேராகக் க்ளோவிஸின் காருக்குப் பின்னால் போனாள். அவன் தம்பி ஊசியில் கை வைத்திருந்தான். அவனை விலக்கிவிட்டுத் தானே உருவினாள். என்னிடம் வந்து அதை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். இன்ஜின் சத்தத்தில் என் காதில் வாயை வைத்துத்தான் பேச முடிந்தது.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எனக்காகச் சொல்லாதே. பார்த்துட்டுச் சொல்லு."

பார்த்தேன். துருப்பிடித்த ஊசி, எண்ணெய்க் கறை படிந்த சிவப்பு நாடா.

"பார்த்தேன் ஒலெட்டா."

அவள் அதை என் சட்டைப் பையில் போட்டாள்.

"அன்னிக்கு நான் எடுத்தேனா இல்லையான்னு சாகுற வரைக்கும் எனக்குத் தெரியப்போறதில்ல. உனக்கும் தெரியப்போறதில்ல. தனியா என்னால முடியல மெர்ல். இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே தெரியாம இருப்போம்."

சரி என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது போலிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு, க்ளோவிஸுக்கு வழிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.