ஆறு நாள் வைத்த இஞ்சி சோடா

டோல்கேட்டைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். சட்டை முழுக்க இஞ்சி வாசம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது; அன்று மதியம்தான் அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்திருந்தேன். "இனிமே வூட்டாண்ட வந்தே, காலை ஒடிச்சிடுவேன்" என்று நைனா சொல்லியிருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்; சொன்னால் செய்யக்கூடியவர்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டிலேயே சோடா செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கப்பல் சமையல்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்த வழி: இஞ்சி, வெல்லம், எலுமிச்சை, ரொட்டிக் கடையிலிருந்து கொஞ்சம் புளித்த மாவு. புட்டியில் ஊற்றி, தக்கையைச் சணலால் இறுக்கிக் கட்டி இரண்டு நாள் வைத்தால் தானே பொங்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்தப் படிப்பே போதுமாக இருந்தது.

ஞாயிறன்று அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், கடைச் சோடா வேண்டாம், நான் செய்கிறேன் என்றேன். மாப்பிள்ளை மதுவிலக்குப் போலீஸ். வயது நாற்பது, முதல் மனைவி இறந்துவிட்டாள். சர்க்கார் உத்தியோகம் என்று நைனாவுக்கு ஒரே மகிழ்ச்சி. அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் என்னைக் கேட்டாள்.

"ரெண்டு நாளுக்கு மேல வெச்சா இன்னாடா ஆவும்?"

"வேகம் ஏறிடும்னாரு அந்தாளு. இன்னா வேகம்னு சொல்லல."

"அப்போ திங்கக்கெழமையே கட்டிடு. வெல்லம் இன்னும் ரெண்டு அச்சு போடு."

புட்டிகளை அடுப்போரச் சூட்டில் வைத்ததும் அவள்தான். சோடாவில் அவளுக்கு இத்தனை அக்கறை உண்டென்று நான் நினைத்ததே இல்லை.

ஞாயிறன்று தக்கை துப்பாக்கிபோல் வெடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா இரண்டு டம்ளர் குடித்தார். மூன்றாவதையும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நைனாவை "இன்னா மாமு" என்று கூப்பிட்டார். மாப்பிள்ளை தன் டம்ளரை முகர்ந்தார்.

"இன்னாய்யா இது, சரக்கு வாசனை அடிக்குது?"

"சோடாங்க. பையன் பண்ணது" என்றார் நைனா.

"ஊர்ல காய்ச்சறவனையெல்லாம் நான் புடிச்சிகினு கீறேன். இந்த வூட்ல பொண்ணு எடுத்தா என் வேலை இன்னாவறது? எந்திரிம்மா!"

"இருடா, நல்லாத்தான கீது" என்றார் அந்த அம்மா.

சொந்தத் தாயே குடித்திருந்ததால் அவர் வழக்குப் போடவில்லை. கைத்தாங்கலாக ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் பின்வாசலால் நழுவியபோது அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று தெரிந்தது. புட்டுப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்து, "நல்ல வேலை செஞ்சடா, ராசா. நைனா கோவம் நாலு நாள்ல ஆறிடும், வந்துடு" என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

திருவொற்றியூர் ஸ்டேஷனில் படுத்து எழுந்து, காலையில் எண்ணூர் உப்பளத்துக்குப் போய் வேலை கேட்டேன். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்துனூண்டு கீறே. உனக்கு இன்னாத்துக்குடா வேலை?"

"அக்கா கல்யாணத்தைக் கெடுத்துட்டேன். வேற மாப்பிள்ளை பாக்கணும்."

"எந்த மாதிரி மாப்பிள்ளை?"

"போலீஸ்தான். அவரைவிடப் பெரிய போலீஸா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கூடையை எடுத்து என் தலையில் வைத்தார்.