தீக்கொழுந்துப் படம் ஒட்டிய ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவரை அந்தப் பகுதியில் எல்லோரும் ‘கூலிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பழைய காஸ் போல பூமியைச் சூடாக்காத புது காஸ் வந்திருக்கிறது, ஆனால் தீப்பற்றும், ரிப்பேர் செய்யப் பயிற்சி வேண்டும் என்று ஃபிரிட்ஜ் கம்பெனிக்காரர்கள் வகுப்புக்கு அழைத்தபோது அவர் போகவில்லை. “அடுப்புல எரிய வேண்டியத ஃபிரிட்ஜுல அடைச்சுட்டு நமக்குப் பாடம் எடுக்குறாங்களாம்” என்று சொல்லி டீக்கடையையே சிரிக்கவைத்தார்.

அக்கா வீட்டுப் புது ஃபிரிட்ஜ் குளிராமல் போனது. அதன் முதுகில் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீக்கொழுந்துப் படம் இருந்ததை அவர் பார்க்கத்தான் செய்தார். ஆனாலும் பழைய பழக்கத்திலேயே குழாயை அறுத்து, மிச்ச காஸைச் சமையலறைக்குள் திறந்துவிட்டார். ஜன்னல் மூடியிருந்தது. காஸ் தரையோடு தரையாகப் படிந்ததை அவர் யோசிக்கவில்லை. குழாயைச் சூடாக்கி ஒட்டும் காஸ் டார்ச்சைப் பற்றவைத்தார்.

குப்பென்று ஒரு நீல வெளிச்சம். அவருக்குப் புருவம் கருகியதோடு போயிற்று. ஒழுகிய தண்ணீரைத் துடைக்கக் குனிந்திருந்த அக்காவுக்குத்தான் முழங்கை வரை வெந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையை அக்காவிடம்தான் விட்டுச் செல்வாள்.

“என்னாச்சுக்கா?”

அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். “அடுப்ப அணைக்காம விட்டுட்டேம்மா. புத்தி எங்க போச்சோ.”

அவர் டார்ச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் குழந்தை வரவில்லை. அக்காவின் கணவர் போன் செய்தார். “அடுப்பப் பாக்கத் தெரியாதவங்கள நம்பி எப்படிப் பிள்ளைய விடுறதுன்னு கேக்குறாளாம், மாப்ள. உங்கக்கா சரியா சாப்பிடவே மாட்டேங்குறா.” அக்கா அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை என்பது கூலிங்குக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டாமல் சில நாட்களை ஓட்டினார். சோறு இறங்கவில்லை. கடைசியில் போய் அந்தப் பெண்ணின் கதவைத் தட்டினார்.

“அன்னிக்கு அடுப்பு எரியலம்மா. நான்தான் காஸத் திறந்துவிட்டுட்டு டார்ச்சப் பத்தவச்சேன். பத்தும்னு படம் போட்டிருந்துச்சு. பாத்துட்டுத்தான் செஞ்சேன்.”

அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். “இத்தன நாளா ஏன் சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சு.”

“உங்க வெக்கத்துக்கு அவங்க பேரக் கெடுத்துட்டீங்க.”

கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் குழந்தை அக்காவிடம் வந்துவிட்டது. அக்காவின் கணவரிடமும் சொன்னார். அவர் திட்டவே இல்லை. “சரி மாப்ள” என்றதோடு போனை வைத்துவிட்டார். கூலிங்குக்கு அதுதான் தாங்கவில்லை.

அடுத்த வகுப்புக்குப் போனார். இந்த காஸ் இருக்கும் இடத்தில் யாராவது நெருப்பு வைத்ததுண்டா என்று பயிற்சியாளர் கேட்டார். கூலிங் கையைத் தூக்கினார். டீக்கடைக் கூட்டாளிகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு அக்கா வீட்டு ஃபிரிட்ஜைச் சரிசெய்தார். ஜன்னலைத் திறந்து, உள்ளே இன்னும் தங்கியிருந்த காஸையும் ஹோஸ் வழியாக வெளியே விட்டு, நெருப்பே இல்லாமல் உலோக வளையம் போட்டு இறுக்கிக் குழாயை இணைத்து, புது காஸ் நிரப்பினார். அக்கா டீ கொண்டுவந்தாள். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். வெந்த தழும்பு அவர் கண்ணில் படாதபடி, மணிக்கட்டு வரை சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் டம்ளரை நீட்டினாள்.