மம்மி கையால்தான் சாப்பாடு

ஜோலீனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்பார்கள் எங்கள் ஊரில். விஸ்கான்சின் பனியில், வழுக்கும் சாலையில், பள்ளிப் பேருந்தை விசிலடித்துக்கொண்டே ஓட்டுவாள். பின்னால் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் ஒரே அதட்டல், வண்டி முழுக்க கப்சிப். நாற்பத்தைந்து வயதுவரை அப்படித்தான் இருந்தாள். மார்ச் மாதம் பல்கேரியாவிலிருந்து நெவெனாவைத் தத்தெடுத்துக் கூட்டி வந்தாள். அன்றிலிருந்து பயந்து பயந்தே நாளை ஓட்டினாள்.

நெவெனாவுக்கு ஆறு வயது. அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். அங்கே வேளைக்கு ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்வாள், போய்விடுவாள். அதனால் யார் கை நீட்டினாலும் இவள் போய்விடுவாள். முதலில் வந்த ஆங்கில வார்த்தை 'மம்மி'. ஜோலீனுக்கு அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. தபால் கொண்டுவருகிறவளும் மம்மி, மளிகைக் கடையில் பில் போடுகிறவளும் மம்மி, பக்கத்து வீட்டுக்காரி நானும் மம்மி! ஒருநாள் பெட்ரோல் பங்க்கில், முன்பின் தெரியாத ஒருத்தியின் காரில் ஏறி, பெல்ட்டும் தானே மாட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் நல்லவள், இறக்கிவிட்டாள். உலகத்தில் எல்லோருமா நல்லவர்கள்?

அன்று ஜோலீன் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் அவளுக்கு அம்மா இல்ல, லோயிஸ். இன்னிக்கு டூட்டியில இருக்கிற ஆளு, அவ்வளவுதான். நாளைக்கு எவளாவது வான்னா போயிடுவா. எங்க இருக்கேன்னு சொல்லக்கூட அவளுக்கு இங்கிலீஷ் வராதே!"

தத்தெடுப்பு அலுவலகத்துப் பெண் ஒரு வழி சொன்னாள். சில மாதத்துக்கு வேறு யாரும் பிள்ளைக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. யார் எதைக் கொடுத்தாலும் ஜோலீன் வாங்கி, தன் கையால்தான் கொடுக்க வேண்டும். பசியாற்றுகிறவள்தான் அம்மா என்று பிள்ளைக்குப் பதியுமாம். "மம்மி குடுப்பா" என்று ஆங்கிலத்தில் நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தாள் ஜோலீன்.

ஈஸ்டர் விருந்தில் வந்தது வினை. ஜோலீனின் அக்கா பெவ் பிள்ளைக்கு ஒரு குக்கி பிஸ்கட்டை நீட்ட, ஜோலீன் குறுக்கே பாய்ந்து பிடுங்கினாள்.

"ஏண்டி, நான் என்ன விஷமா வெச்சிருக்கேன்? நான் அவளுக்குப் பெரியம்மாடி!"

"எனக்குப் பயமா இருக்கு, பெவ்."

"அப்ப போயி பஸ்ஸையே ஓட்டு. புள்ள வளக்கறது உனக்கு ஆகாது."

பெவ் பேச்சு நெருப்புதான், ஆனால் எனக்கும் அந்தக் கட்டுப்பாடு பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. பலனும் தெரியவில்லை. ஜோலீன் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், என் மேசையிலிருந்த ஆப்பிள் பலகாரத்தைக் கைநிறைய அள்ளி விழுங்கிவிடுவாள் நெவெனா. தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டுகள் வேறு. பசியைப் பார்த்து வளர்ந்த வயிறு, பாவம்.

ஆகஸ்டில் ஊர்ப் பொருட்காட்சி, மாட்டுக் கண்காட்சியும் சேர்த்து. பெவ்வும் வந்திருந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஜோலீன் குனிந்து தன் ஷூ நாடாவைக் கட்டினாள். நிமிர்ந்தாள். பிள்ளையைக் காணோம்.

அந்த அலறலை நான் மறக்கவே மாட்டேன். ஜோலீன் நேரே கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். ஏன் என்று புரிந்ததும் நானும் பின்னாலேயே ஓடினேன். நெடுஞ்சாலைப் பக்கம் கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கண்ணாடியையும் தட்டித் தட்டி உள்ளே பார்த்தாள். "மஞ்சச் சட்டை... ஆறு வயசு... யாரு கூப்பிட்டாலும் போயிடுவா..." ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் அறிவித்தார்கள். என்ன பிரயோஜனம்? அவளுக்கு எங்கே புரியப்போகிறது!

பெவ்தான் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மாட்டுக் கொட்டாய்ல! வா, சீக்கிரம்!"

வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள் நெவெனா. சுற்றிலும் ஆறேழு பெண்கள். மடியில் குக்கி, பஞ்சுமிட்டாய், பொரித்த சீஸ் பொட்டலம். கையில் ஐஸ்கிரீம் கோன், உருகி முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. ஒன்றையும் வாயில் வைக்கவில்லை.

"நீங்கதான் அம்மாவா?" என்றாள் ஒருத்தி. "எதைக் குடுத்தாலும் வாங்கிக்கறா, திங்க மாட்டேங்கறா. ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு கையப் பிடிச்சேன், கடிச்சே வெச்சுட்டா!"

நெவெனா யாரையும் மம்மி என்று கூப்பிடவில்லை. கூட்டத்துக்குள் ஜோலீனைப் பார்த்ததும் உதடு கோணியது, அழவில்லை. அந்தக் கோனை மட்டும் நீட்டினாள்.

"மம்மி. நீ குடு."

ஜோலீன் மண்டியிட்டு வாங்கினாள். ஊட்டப்போன அவசரத்தில் பாதி ஐஸ்கிரீம் பிள்ளையின் மூக்கில் அப்பிக்கொண்டது. நெவெனா வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

பெவ் தன் பைக்குள் துழாவி, பிள்ளைக்காக வாங்கி வைத்திருந்த மிட்டாயை எடுத்தாள். நெவெனாவைப் பார்த்தாள், பிறகு தங்கையிடம் நீட்டினாள்.

"இந்தா, நீயே குடு."