ஐந்தடியில் அம்மா

இன்று மொட்டைமாடியில் மனைவியை நிறுத்தி, அப்பாவின் பழைய பிலிம் கேமராவின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினேன். ஐந்தடியில் வந்து நின்றதும், வெயிலில் சூடேறிய தோலுறையிலிருந்து மிஷின் எண்ணெயும் துணிக்கஞ்சியும் கலந்த வாசனை எழுந்தது. எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது. இடுப்புக்கு மட்டும் ஐம்பத்தைந்துதான்.

சங்கரன்கோவிலில் அப்பா தையல்காரர். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட மாட்டார். கேமராவிலிருந்து ஆளின் மூக்குவரை இஞ்சு டேப்பை இழுத்து அளந்த பிறகுதான் வளையத்தைத் திருப்புவார். டேப்பின் மறுமுனையை மூக்கில் பிடிக்கிற பெரிய உத்தியோகம் எனக்கு.

அன்று ரோலில் ஒரே படம்தான் மிச்சம். பட்டாளத்திலிருந்த மாமா, அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமென்று எழுதியிருந்தார். அம்மாவோ தெற்றுப்பல்லை மறைக்க வாயை இறுக மூடி ஐந்தடி தள்ளி நின்றாள். என் கை சும்மா இருக்குமா? டேப்பின் நுனியை அவள் மூக்குக்குள் லேசாக விட்டேன். அம்மா வெடித்துச் சிரித்து, என்னைப் பிடிக்க முன்னால் பாய்ந்தாள். அந்த நேரம் அப்பாவின் விரல் பட்டனை அமுக்கிவிட்டது.

“ஏலே, அளந்ததெல்லாம் போச்சே! கடைசிப் படம்லா அது!” என்று கத்தினார்.

ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. பின்னால் கொடியில் காய்ந்த என் டவுசர், கிழிசலோடு துல்லியமாக இருந்தது. அம்மா முகம் பனிக்குள் நிற்பதுபோல் கலங்கியிருந்தது. அப்பா என்னைத் தேடினார். அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பல்லு தெரியல, பாருங்க. சிரிப்பு மட்டும் தெரியுது. இதையே தம்பிக்கு அனுப்பிருங்க.”

இங்கே மொட்டைமாடியில், “சீக்கிரம் எடுங்க. முகத்துல சுருக்கம்லாம் விழுந்திரக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள் மனைவி.

வளையத்தைக் கொஞ்சம் தப்பாகத் திருப்பிவிட்டு அமுக்கினேன்.