ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து

ஐந்தாம் வகுப்பு படித்தபோது எனக்கென்று தனியாக ஒரு பேருந்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பள்ளியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. என் பக்கத்தில் உட்காரும் பெண், "உங்கப்பாதான் இப்ப வண்டியே ஓட்டறது இல்லையாமே, எங்கம்மா சொல்லிச்சு" என்றாள். அதுவும் உண்மைதான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும் என்று அவளுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

அப்பா கம்பெனி பஸ் ஓட்டுநர். பென்னலூரிலிருந்து உள்ளே போகிற சாலையில் எங்கள் வீடு. பொழுது விடியுமுன் கிளம்பி, இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களை ஏற்றிக்கொண்டு போய், ஒரகடத்தில் முதல் ஷிப்டுக்கு இறக்கிவிடுவார். பெரும்பாலும் தெற்கேயிருந்து வந்த பையன்கள். அவர்கள் பேசுவதை அப்பா வீட்டில் பேசிக் காட்டுவார். "அண்ணே, செத்த நிறுத்துங்க, செருப்பு ஒண்ணு கீழ விழுந்துட்டு" என்று அவர் இழுக்கும்போது அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்று சிரிப்பாள்.

மார்கழிப் பனியில் ஒரு நாள், பென்னலூர் தாண்டியதும், விளக்கே போடாமல் ஹைவேயின் இடது ஓரத்தில் நின்றிருந்த கன்டெய்னர் லாரியின் பின்மூலையில் அப்பாவின் பஸ் மோதிவிட்டது. அப்பாவுக்குச் சின்னக் கீறல்கூட இல்லை. பின்னால் இருந்தவர்கள் சின்னச் சின்ன அடிகளோடு தப்பினார்கள். இடது பக்கம், முன் சீட்டில் இருந்த ஒரு பையன் மட்டும் இறந்துபோனான். தவறு லாரிக்காரன் மேல்தான் என்று போலீஸும் சொன்னது, பஸ் முதலாளியும் சொன்னார், ஊரும் சொன்னது. அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அப்பா படுத்துத் தூங்கி நான் பார்க்கவில்லை. கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். குக்கர் விசில் அடித்தால் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவார். அம்மா குக்கரைப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் வடிக்க ஆரம்பித்தாள். ஸ்ரீபெரும்புதூருக்குப் போகவேண்டுமென்றால் ஹைவேயைத் தொடாமல் ஏரிக்கரை, கொல்லைமேடு என்று சுற்றிக்கொண்டு போவார். ஒருமுறை நான் சாப்பாட்டுத் தட்டைக் கை தவறிக் கீழே போட்டேன். அப்பா போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். என்னைத் திட்டினார் என்று நினைத்து நான் அழுதேன். அப்பாவும் அழுதார். இது எனக்குப் புதிதாக இருந்தது.

அம்மாவின் அண்ணன், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை பார்த்தவர், இதற்கெல்லாம் ஒரே வைத்தியம் வைத்திருந்தார். எங்கேயோ கூட்டிப்போய் மந்திரித்து அப்பா கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். அதிலும் சரியாகாததால் அறிவுரைக்கு வந்தார். "பஸ்ஸுன்னா இடிக்கத்தான் செய்யும் மாப்ள. எங்க லைன்ல டெய்லி ஒருத்தனுக்கு அடிபடுது. அவன் அவன் பேண்டேஜ் போட்டுகினு வேலைய பாக்கறான்." அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். மாமா போனதும் மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

ஒரு நாள் அப்பாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து மூச்சு முட்டியது. ஹார்ட் அட்டாக் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அதைப் படித்துவிட்டு வராந்தாவிலேயே நின்றுவிட்டார்.

"எனக்கு இன்னா பைத்தியமா?"

"பைத்தியம்னு யாரு சொன்னது? நீ தூங்கி எவ்ளோ நாளாச்சு? புள்ள தட்ட கீழ போட்டா அலறுற. காலு ஒடஞ்சா கட்டு போட வர மாட்டியா?" என்றாள் அம்மா. என் கையை ஒரு கையிலும் அப்பா கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அங்கே இருந்த மேடம் வெள்ளைக் கோட்டு போடவில்லை. அதனால் டாக்டராக இருக்காது என்று முடிவு செய்தேன். அவர் அப்பாவையே பார்த்துப் பேசினார்.

"மூளைக்குள்ள பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு எடம் இருக்குங்க. ஆபத்துன்னா மணி அடிக்கறது அதோட வேலை. ரொம்பப் பெரிய அதிர்ச்சியில மாட்டிக்கிட்டா சில பேருக்கு அந்த மணி நிக்காம அடிச்சுக்கிட்டே இருக்கும். உங்க வண்டியில ஹாரன் ஒட்டிக்கும் இல்ல, அது மாதிரி."

அந்த அறைக்குள் வந்தபின் அப்பா முதல்முறையாக வாய் திறந்தார். "ஹாரன் ஒட்டிக்கினா ஒயர புடுங்கி வுட்ருவோம் மேடம்."

"இதுல ஒயரைப் புடுங்க முடியாது. புடுங்கவும் கூடாது. நாளைக்கு நிஜமாவே ஒரு லாரி வந்தா அது அடிக்கணும் இல்ல?" என்றார் மேடம். "நடந்து முடிஞ்சதை முடிஞ்சுபோச்சுன்னு எடுத்து வைக்க மூளையில வேற ஒரு எடம் இருக்கு. அன்னிக்கு இருந்த பயத்துல அது தன் வேலையைச் செய்யல. அதனாலதான் குக்கர் சத்தம் கேட்டாலும், லாரி இப்பதான் இடிக்குதுன்னு உங்க உடம்பு ஓடுது. நெத்திக்குப் பின்னாடி இருக்கற மூளை, அட, இது குக்கர்தான்னு சொல்லத்தான் செய்யுது. அது சொல்றதுக்குள்ள நீங்க வாசலுக்குப் போயிடறீங்க. இது உங்க கோழைத்தனம் இல்ல. சரி பண்ண முடியும். மாத்திரை கொஞ்சம் உதவி செய்யும். மிச்ச வேலையை நாம சேர்ந்து செய்யணும்."

எனக்கு இதில் ஒன்றுதான் விளங்கியது. அப்பாவின் தலைக்குள் ஒரு பாதாம்பருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பும் வழியில் அம்மா எல்லோருக்கும் பாதாம்பால் வாங்கியபோது, அப்பாவின் டம்ளரை நானே வாங்கிக் குடித்துவிட்டேன். இன்னும் ஒன்று சேர்ந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான்.

மேடம் சொன்ன மிச்ச வேலைகளில் முதலாவது எனக்கு வினோதமாகப் பட்டது. அப்பா வாரா வாரம் போய் மேடத்தின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தபின் தினமும் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் எதையோ கேட்பார். அவருடைய பேச்சைத்தான் அந்தப் போனில் பதிந்திருந்தார்கள், மோதிய காலையை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதை. எனக்கு அது தெரியாது. பாட்டு கேட்கிறார் என்று நினைத்தேன். கேட்கக் கேட்க நெற்றி வியர்க்கும், கண்ணைத் துடைத்துக்கொள்வார். இவ்வளவு சோகமான பாட்டை எதற்குத் தினமும் கேட்க வேண்டும்?

"வேற பாட்டு போடுப்பா" என்றேன்.

அப்பா இயர்போனை ஒரு காதிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "மேடம் இத்ததான் கேக்க சொல்லிகீறாங்க பாப்பா. போர் அடிக்கிற வரிக்கும் கேக்கணுமாம்."

இரண்டாவது வேலைதான் என் பேருந்து. இருங்காட்டுக்கோட்டையில் முதலாளியின் ஷெட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் சும்மா நிற்கும். முதல் ஞாயிறு நாங்கள் மூவரும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று பஸ்ஸைப் பார்த்தோம். அவ்வளவுதான். அடுத்த வாரம் கிட்டே போய் அப்பா கதவைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தார். எனக்குக் கால் வலித்தது. வேறு யாருடைய அப்பாவும் பஸ்ஸை இவ்வளவு நேரம் பார்த்து வாங்கியிருக்க மாட்டார் என்று தோன்றியது, ஏனென்றால் எங்களுக்கு பஸ் வாங்கப் போகிறோம் என்றே நான் நம்பியிருந்தேன்.

பிறகு ஏறி உட்கார்ந்தோம். நான் கண்டக்டரானேன். பழைய காலண்டர் தாளைக் கிழித்து அம்மாவுக்கு டிக்கெட் கொடுத்தேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாவி போடாமல் உட்கார்ந்திருந்தார். "கிளம்பலாமா டிரைவர்" என்று நான் கேட்டால், "இன்னும் பாசஞ்சர் வரல" என்பார். இன்ஜினை ஓடவிட்ட வாரம் டீசல் வாசனை எழுந்ததும் இறங்கிப் போய் வாந்தி எடுத்தார். பிறகு வாயைக் கொப்புளித்துவிட்டு மறுபடி ஏறினார். நான் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். முன் சீட்டுப் பக்கம் போனால் குரல் மாறிவிடும்.

மெல்ல மெல்ல வண்டி ஷெட்டுக்குள் நகர்ந்தது. பிறகு தொழிற்பேட்டையின் உள்சாலைகளில் ஓடியது. முதலாளி அப்பாவுக்குப் பக்கத்தில் இன்ஜின் மேல் உட்கார்ந்து வந்தார். ஒரு நாள் எதிரே கன்டெய்னர் லாரி வந்தபோது அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சட்டையின் முதுகு மொத்தமும் நனைந்திருந்தது.

"நீ எறங்கிக்கடா, நான் ஓட்டிகினு போறேன்" என்றார் முதலாளி.

"வேணாண்ணா. பாதியில ஓடினா, ஓடினதாலதான் பொழச்சேன்னு மூள கத்துக்குமாம். அடங்கற வரிக்கும் இங்கியே இருக்கணும்."

எங்களைத் தாண்டிப் போன ஒரு சைக்கிள்காரர் என்னவென்று கேட்டார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பஸ் ரிப்பேரு, சரியாயிடும்" என்றேன். நெடுநேரம் கழித்து அப்பா தலையை நிமிர்த்தி கியர் போட்டார். பஸ் சரியாகிவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கிடையில் வீட்டில் அப்பா படுத்துத் தூங்கத் தொடங்கியிருந்தார். அம்மா ஒரு நாள் அவரிடம் சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கினாள். விசில் வந்தபோது அப்பா தரையை இரண்டு கையாலும் அழுத்தியபடி உட்கார்ந்தே இருந்தார். அன்றைய சோறு குழைந்துபோயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

ஹைவேக்குப் போன ஞாயிறு முதலாளி வரவில்லை. "இனிமே நான் எதுக்கு" என்று ஷெட்டிலேயே நின்றுகொண்டார். அறிவுரை மாமா மட்டும் எங்களோடு வந்தார். வண்டி கிளம்பியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட ஆரம்பித்தார். நான் நீட்டிய டிக்கெட்டை வாங்கக்கூடக் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

பென்னலூருக்குச் சற்று முன்னால் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"பாப்பா, முன்னாடி வா" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாமா, "மாப்ள, குழந்தைய எதுக்கு" என்று தொடங்கி, அம்மா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். இவ்வளவு வாரம் சொன்ன பேச்சுக் கேட்டதற்கு எனக்குப் பரிசு கிடைக்கிறது என்று நினைத்து ஓடிப்போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அப்பாவே எழுந்து வந்து பெல்ட்டை மாட்டிவிட்டார். அது சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார், மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

"எதுனா பேசிகினே வா" என்றார்.

அப்பா அடுத்த மாதமே வேலைக்குத் திரும்பினார். இன்றும் ஓட்டுகிறார். மார்கழியில் சில நாள் வண்டியை ஓரங்கட்டி, மூச்சு நிதானமாகும்வரை இருந்துவிட்டுப் போவதுண்டு. பையன்கள் பழகிவிட்டார்கள்.

நான் தண்டலத்தில் கல்லூரி சேர்ந்த வருஷம்தான் அம்மா சொன்னாள். மேடத்திடம் அந்தக் காலையை எத்தனை முறை சொன்னாலும் ஓரிடத்தில் அப்பா தாண்டிப் போய்விடுவாராம். மேடம் அதைக் கவனித்துக் காத்திருந்திருக்கிறார். ஒரு நாள் அதுவும் அப்பா வாயில் வந்துவிட்டது. அந்தப் பையன் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான். பனியில் பேச்சுத்துணைக்கு இருக்கட்டும் என்று அப்பாதான், "தம்பி, முன்னாடி வா" என்று கூப்பிட்டிருக்கிறார்.

"அங்க லாரி நிக்கறது தெரிஞ்சா கூப்பிட்டீங்க?" என்று மேடம் கேட்டாராம்.

"தெரிஞ்சா கூப்புடுவனா மேடம்" என்று அப்பா சொன்னாராம். சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவர் மாதிரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி முழுக்கத் தெரிந்த சாலையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பூனை குட்டி போட்டதை, அதில் ஒன்றுக்கு மட்டும் வால் குட்டையாக இருந்ததை, டீச்சர் அதை ஸ்டாஃப் ரூமில் ஒளித்து வைத்ததைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், நான் நிறுத்தும்போதெல்லாம் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கதை அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்து, இல்லாத இரண்டு குட்டிகளையும் சேர்த்துச் சொன்னேன்.