புதன்கிழமை வந்த இரண்டு தாங்கிகள்

கழுத்துப்பட்டி ஈரமாகிவிடக் கூடாதென்று அதைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, சலவையறைத் தரையில் குந்தியிருந்த அத்தான்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். மெல்பேர்னில் யூலை மாதத்துக் குளிர்காலக் காலை அது. சுவரோரம் நின்று வீட்டுக்கெல்லாம் சுடுதண்ணீர் தந்த பழைய காஸ் ஹீட்டரின் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டையாகி, தண்ணீர் கசிந்து, நெருப்பும் அணைந்து போயிருந்தது. அத்தான் அதன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து, நோயாளியின் வீட்டாருக்குச் செய்தி சொல்லும் டொக்டரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, “மச்சாள், இது முடிஞ்சுது” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அத்தானுக்குக் கோபம் வந்து நான் கண்டதேயில்லை.

அவர் என் அக்காவின் கணவர். எழுபதுகளின் நடுவில் பிரெஸ்டன் புறநகரில் ஒரு பலகை வீட்டை வாங்கிக்கொண்டு இருவரும் குடிவந்திருந்தார்கள். அடுத்த வருடமே என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். நான் நகரத்தில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தேன். அத்தான் அரசாங்கத்தில் பாலங்களுக்குப் படம் வரையும் எஞ்சினியர். ஆற்றுக்குக் குறுக்கே போகும் கொங்கிறீற் எத்தனை தொன் தாங்கும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லக்கூடிய மனிதருக்கு, ஒரேயொரு சொல் மட்டும் வாயில் வராது. ‘இல்லை’ என்ற சொல். சனிக்கிழமைகளில் இரண்டு வெவ்வேறு கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த போதகர்கள் கதவைத் தட்டுவார்கள். இரண்டு பகுதியினருக்கும் தேத்தண்ணி கொடுத்து, இரண்டு பகுதியினர் சொல்வதற்கும் தலையாட்டி அனுப்புவார். அடுத்த சனியும் அவர்கள் நம்பிக்கையோடு வருவார்கள். ரயிலில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் போதும், ஞாயிறு மத்தியானம் அந்த முகம் குடும்பத்தோடு எங்கள் குசினியில் சாப்பாட்டுக்கு நிற்கும்.

ஹீட்டர் பழுதானது வேறு நேரமென்றால் அது வெறும் சிரிப்புக் கதையாகவே இருந்திருக்கும். அப்போது அக்காவுக்கு நிறைமாதம். இன்னும் மூன்று கிழமை என்று டொக்டர் சொல்லியிருந்தார். முதல் பிள்ளை. அம்மாவால் யாழ்ப்பாணத்திலிருந்து வர முடியவில்லை. அதற்குப் பதிலாக நீல நிற விமானக் கடிதத்தில், மடிக்கிற ஓரங்களிலும் இடம் விடாமல் அறிவுரை எழுதி, மருமகன் பெயருக்கே அனுப்பியிருந்தா. பிள்ளை பெற்ற உடம்பில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது, நாள்தோறும் நல்ல சுடுதண்ணீர் வார்க்க வேண்டும், இடுப்புக்குக் கூடுதலாக வார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டுக் கடைசியில், ‘தாய் செய்ய வேண்டியதை உங்களிடம் ஒப்படைக்கிறேன் தம்பி’ என்று முடித்திருந்தா. அத்தான் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஹீட்டர் நின்ற மூன்றாம் நாள், நாங்கள் இருவரும் எழும்புவதற்கு முன்பே அக்கா சோற்றுப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, தானே தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போயிருக்கிறாள். வாசற்படியில் கால் தடக்கியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். பானை மட்டும் போய் விழுந்த சத்தத்தில் நாங்கள் எழும்பி ஓடினோம். ஆவி பறக்கப் பறக்க அந்தத் தண்ணீர் அவளுடைய காலுக்கு ஒரு சாண் தள்ளி ஓடிக்கொண்டிருந்ததை அத்தான் கண்டார். அன்று வேலைக்குப் போகவில்லை. புது ஹீட்டர், அதுவும் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் என்று முடிவாயிற்று. ஆனால் வருகிற முதல் ஆளிடமே வாங்கிவிடலாம் என்று நான் சொன்னபோது மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று விலைக் கொட்டேசன் இல்லாமல் தங்கள் கந்தோரில் ஒரு பென்சில்கூட வாங்க முடியாது என்றார்.

முதலாவது ஆள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டான். நெடுத்த வெள்ளைக்காரன். அந்தக் குளிரிலும் அரைக்காற்சட்டை. சாரத்தோடு நின்ற அத்தானைக் கண்டு கொஞ்சமும் தடுமாறாமல் ஹீட்டரைப் பார்த்தான், ஒரு விலை சொன்னான். அத்தானுக்கு எங்கிருந்துதான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை நினைவு வந்ததோ, சரி பாதியைச் சொன்னார். அவன் முடியாதென்று தலையசைத்தான். அத்தான் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறென்று குசினிக்குள் வந்துவிட்டார். ஊரில் அப்படித்தானே, நாலு அடி நடந்தால் கடைக்காரன் கூப்பிடுவான். “சத்தம் போடாதை, இப்ப கூப்பிடுவான் பார்” என்று என்னிடம் குசுகுசுத்தார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியே வான் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு வான் போகிற சத்தம் கேட்டது.

இரண்டாவதாக வந்தவர் ஒரு கம்பனியின் விற்பனையாளர். கோட்டுப் போட்டு, வழுவழுப்பான படப் புத்தகத்தோடு கதிரையில் வசதியாகச் சாய்ந்து, நான் பொரித்து வைத்த பற்றிஸில் ஆறோ ஏழோ சாப்பிட்டார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர், விரைவில் நாலு என்றார் அத்தான். சொல்லிவிட்டு யோசித்தார். பொய் சொல்லக் கூடாதென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் பதினாலு என்றும் சேர்த்துக்கொண்டார். விற்பனையாளர் பேனாவை மூடிவிட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதில் இருந்த சுடுதண்ணீர்த் தாங்கி ஒரு விடுதிக்குப் போதும். அது எங்கள் சலவையறைக் கதவுக்குள் நுழையாது என்பது அந்தப் படத்தைப் பார்த்த எனக்கே தெரிந்தது. அத்தானுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து கை நனைத்த மனிதரின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மிக நல்லது, மிக நல்லது என்றார். எந்த நாள் வசதி என்று அவர் கேட்டார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அத்தானுக்குள் ஊறிப்போயிருந்ததோ என்னவோ, புதன் என்றார்.

மூன்றாவது, பக்கத்துத் தெருவிலிருந்த இத்தாலியக் கிழவர். இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார். எத்தனை பேர் என்று கேட்காமல், என்ன அவசரம் என்று கேட்டார். அத்தான் சட்டைப் பையிலிருந்து அம்மாவின் கடிதத்தை எடுத்து, தமிழ் தெரியாத அந்த மனிதருக்கு அதை விரித்துக் காட்டி, வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். கிழவர் குறுக்கே ஒன்றும் பேசாமல் கேட்டார். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார், சலவையறையிலிருந்து அதுவரைக்கும் குழாய் போகிற தூரத்தை அடியால் அளந்தார், தண்ணீர் வரும் வழியிலேயே ஆறிவிடும் என்றார். நடுத்தரமான ஒரு தாங்கி போதும், ஆனால் அதைக் குளியலறைச் சுவருக்கு வெளியே வைக்க வேண்டும், ஒரு தாய் ஒரு தடவை வடிவாகக் குளிக்கும் அளவுக்கு அது காணும் என்று சொல்லி, விலையைச் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் எழுதித் தந்தார். அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எப்போது வரலாம் என்று அவர் கேட்டதும் அத்தான் யோசிக்கவேயில்லை. புதன் என்றார்.

கிழவர் போன பிறகு, அந்த விற்பனையாளருக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லும்படி அக்கா சொன்னாள். அத்தான் அன்று பின்னேரம் எடுப்பதாகச் சொன்னார். மறுநாள் எடுப்பதாகச் சொன்னார். ஞாயிறன்று அவர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்ப வைத்ததை நானே கண்டேன். அந்த மனிதர் தானாகவே விளங்கிக்கொண்டிருப்பார் என்றார். ஊரில் என்றால் விளங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதும் உண்மைதான். நாள் கடந்தும் மறுமொழி வரவில்லையென்றால் கலியாணப் பேச்சே முறிந்ததாகத்தானே எங்களிடம் அர்த்தம்?

புதன் காலை எட்டு மணிக்கு இரண்டு வான்களும் வந்து நின்றன. ஒன்றிலிருந்து கிழவர் இறங்கினார். மற்றதிலிருந்து விற்பனையாளரும், அவரோடு இரண்டு தடியர்களும், ஒரு யானைக்குட்டியளவு தாங்கியும் இறங்கினார்கள். புல்வெளியில் இரண்டு தாங்கிகளும் அக்கம்பக்கமாக நின்றன. அத்தான் இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லி, இரண்டு பேருக்கும் தேத்தண்ணி போடச் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார். என் வாழ்க்கையில் அவரளவுக்கு எரிச்சலூட்டிய மனிதரை நான் கண்டதில்லை என்று நினைத்துக்கொண்டே கேத்தலை வைத்தேன். அப்போதுதான் அக்கா அறையிலிருந்து வெளியே வந்தாள். ஒரு கையில் ஆஸ்பத்திரிக்கென்று கட்டி வைத்த பெட்டி, மறு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. சொன்ன நாளுக்குப் பத்து நாள் முந்திவிட்டது.

“இஞ்சருங்கோ” என்றாள். “நான் போய்க் காரில இருக்கிறன். நீங்கள் அந்தாளிட்டை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. சொல்லாமல் காரில ஏறக் கூடாது.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் புல்வெளியில் இறங்கிப் போனதை யன்னலால் பார்த்தேன். விற்பனையாளருக்கு முன்னால் போய் நின்றார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். “நோ” என்றார். அவ்வளவுதான். பிறகு ‘சொறி’ என்று ஏழெட்டுத் தடவை சொன்னார், அதை விடுங்கள். விற்பனையாளர் ஒரு நிமிடம் முகத்தைச் சுளித்தார், தோளைக் குலுக்கினார், பரவாயில்லை என்றார், காரிலிருந்த அக்காவைக் கண்டதும் நல்லபடி நடக்கட்டும் என்றும் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் அந்தத் தாங்கியைத் திரும்ப வானில் ஏற்றிவிட்டார்கள். வானமும் இடிந்து விழவில்லை, யாரும் அழவும் இல்லை. அத்தான் நடுப் புல்வெளியில் அசையாமல் நின்றார். இந்த ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு காலமும் பயந்தோம் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. அக்கா கார் ஹோர்னை அழுத்தினாள்.

போன மாதம் என் வீட்டு ஹீட்டரை மாற்றினேன். மூன்று விலைகள் மின்னஞ்சலில் வந்தன. இரண்டு பேருக்கு வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதினேன். யாரும் என் வீட்டுக் கதிரையில் இருக்கவில்லை, யாருக்கும் நான் பற்றிஸ் பொரிக்கவில்லை, புது ஹீட்டரைப் பூட்ட வந்த பையனின் பெயரும் எனக்குத் தெரியாது. எல்லாம் சுகமாக முடிந்தது. ஆனால் அவன் போன பிறகு எனக்கு அத்தானின் நினைவு வந்து, தனியே இருந்து நெடுநேரம் சிரித்தேன். அவர் இப்போது இல்லை. அந்த ‘நோ’வுக்குப் பிறகு அவர் திருந்தினார் என்று எழுத ஆசைதான். பொய் எழுதக் கூடாது. அடுத்த சனிக்கிழமையே இரண்டு சபைகளும் வந்துபோயின.

அந்தப் புதன்கிழமை கிழவர் பின்னேரம் வரை வேலை செய்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தார். பொம்பிளைப் பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்றார். நான் அழத் தொடங்கினேன். அவர் அதற்கு இடமே விடாமல், “ஹீட்டர் பத்தினதோ?” என்று கேட்டார்.

ஒரு கிழமை கழித்து அக்கா வீட்டுக்கு வந்தாள். வந்தவுடன் பிள்ளையை என் கையில் தந்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அத்தான் கதவுக்கு வெளியே நின்று சூடு காணுமா என்று கேட்டார். பிறகு, இடுப்புக்குக் கூடுதலாக வார்க்கும்படி அம்மா எழுதியிருக்கிறா என்றார். கொஞ்ச நேரத்தில் அக்கா அழுவது கேட்டது. அத்தான் பதறிப்போய்க் கதவில் கை வைத்தார். “ஒண்டுமில்லை” என்றாள் அக்கா உள்ளேயிருந்து. “அம்மா வாக்கிற மாதிரிக் கிடக்கு. பேசாமல் நில்லுங்கோ.” அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். அவள் வெகுநேரம் குளித்தாள், அவள் அவ்வளவு நேரம் குளித்து நாங்கள் கண்டதில்லை. வெளியே வந்து பிள்ளையோடு படுத்த பிறகு, அத்தான் குளியலறைக்குள் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து கையைப் பிடித்துப் பார்த்தார். பிடித்தபடியே என்னைக் கூப்பிட்டார். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“பச்சைத் தண்ணி மச்சாள்” என்றார். “சுடுதண்ணி ஒரு சொட்டு மிச்சமில்லை. முழுக்க வாத்துப்போட்டா.”